பார்சல் கிளம்பும் முன்னே: மதுரையில் ஆன்லைன் கடை தொடங்குவோருக்குக் கார்டு மோசடித் தடுப்பு வழிகாட்டி

திருட்டுக் கார்டில் வாங்கிய சேலைக்குக் கடைசியில் பணம் கட்டுவது பெரும்பாலும் அந்தச் சேலையை விற்றவர்தான். ஆன்லைனில் புதிதாகக் கடை போடுகிற பலருக்கு இது தெரிவதில்லை. "பேமென்ட் சக்ஸஸ்" என்று திரையில் வந்துவிட்டால் பணம் நம்முடையதாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். டொரான்டோவில் ஒருவருடைய கார்டு எண் திருடு போகிறது. திருடியவன் அந்த எண்ணைப் போட்டு, தெற்காவணி மூல வீதியில் உள்ள ஒரு வெள்ளிக் கடையின் வெப்சைட்டில் கொலுசு வாங்குகிறான். சில நாளில் கேட்வே (வெப்சைட்டில் கட்டும் பணத்தை வசூலித்துக் கடைக்குத் தரும் நிறுவனம்) அந்தப் பணத்தைக் கடைக்காரர் கணக்கில் போட்டுவிடுகிறது. பார்சலும் போய்ச் சேர்கிறது. ஒரு மாதம் கழித்து ஸ்டேட்மென்டைப் பார்த்த கார்டுக்காரர், "இதை நான் வாங்கவே இல்லை" என்று தன் வங்கியில் புகார் செய்கிறார். வங்கி அவருக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறது. அந்தத் தொகை கேட்வே வழியாக, அடுத்து வரவேண்டிய நம் வசூலிலிருந்து பிடிக்கப்படுகிறது. இதற்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். விசா கார்டில் இப்படிப் புகார் செய்ய 120 நாள் வரை அவகாசம் இருக்கிறது. தை மாதம் விற்றதற்குச் சித்திரையில் கடிதம் வரும்.

நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ₹5,000 சேலையில் உங்களுக்கு ₹1,000 லாபம், வெளிநாட்டுக் கூரியருக்கு ₹1,500 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு ஆர்டர் திருட்டாகப் போனால் சேலையின் அடக்கமும் கூரியர் கூலியும் சேர்த்து ₹5,500 கையை விட்டுப் போகும். அதை ஈடுகட்ட இன்னும் ஆறு சேலைகளை நேர்மையான ஆட்களுக்கு விற்க வேண்டும். சில கேட்வேக்கள் சார்ஜ்பேக்குக்கென்று தனிக் கட்டணமும் போடும்.

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் சின்னக் கடைகளுக்கு வெப்சைட், கேட்வே வேலைகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, பணம் வந்த நேரத்துக்கும் பார்சல் கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதைத்தான். பொருள் உங்கள் கையில் இருக்கும் வரை எதையும் சரி செய்யலாம். கூரியர்காரர் எடுத்துக்கொண்டு போன பிறகு உங்களிடம் மிஞ்சுவது காகிதம் மட்டும்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடைவெளியை நல்லபடியாகப் பயன்படுத்தத்தான்.

படி 1: கார்டு எண் உங்கள் கைக்கே வர வேண்டாம்

கேட்வே நிறுவனமே நடத்தும் பேமென்ட் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். வாங்குபவர் அங்கே போய்க் கார்டு விவரத்தைப் போட்டுவிட்டு உங்கள் தளத்துக்குத் திரும்பி வரட்டும். உங்கள் வெப்சைட்டிலேயே கார்டு எண் கேட்கும் படிவம் வைத்துத் தருகிறேன் என்று எந்த டெவலப்பர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார்டு விவரத்தைக் கையாளும் கடைக்குப் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற பாதுகாப்புத் தரத்தின் பெரும் பாரம் வந்து சேரும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் கடைகளோ கேட்வேக்களோ வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்றுக் குறியீடு வந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து பழகிய அக்கா ஒருவர், "லிங்க் ஓப்பன் ஆகலை தம்பி, நீயே போட்டுக்கோ" என்று கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். அதை உடனே அழித்துவிட்டு, வேறு பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். அந்தப் போட்டோ உங்கள் போனிலும் அதன் பேக்கப்பிலும் கிடந்து, நாளைக்கு அந்தக் கார்டில் எங்காவது மோசடி நடந்தால் சந்தேகம் முதலில் உங்கள் மேல்தான் விழும்.

கேட்வே கணக்கு தொடங்கும்போதே இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்டில் எந்தப் பெயர் வரும்? கடையின் பெயர் ஒன்று, பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வேறொன்று என்று இருந்தால், உங்களிடம் ஆசையாகச் சேலை வாங்கியவரே இரண்டு மாதம் கழித்து அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு "யாரோ என் கார்டில் எடுத்துவிட்டார்கள்" என்று புகார் செய்வார். கடைப் பெயரே ஸ்டேட்மென்டில் வரும்படி மாற்றிக்கொள்வது அரை மணி நேர வேலை.

படி 2: ஓ.டி.பி. எதுவரை காப்பாற்றும்

இந்தியாவில் ஆன்லைன் கார்டு பேமென்டுக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நாம் பழகிப்போன ஓ.டி.பி. அப்படி வந்ததுதான். அதனால் இந்திய வங்கிக் கார்டின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியக் கடையில் ஒருவன் எதுவும் வாங்கிவிட முடியாது. ஓ.டி.பி.யையும் ஏமாற்றி வாங்கியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு வங்கிக் கார்டுகள் இந்தக் கட்டாயத்துக்குள் வராமல் இருந்தவை. அமெரிக்கக் கார்டுகள் பல, எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்க சி.வி.வி. ஆகியவற்றோடு வேலையை முடித்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்துதான் கள்ளச்சந்தையில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. சின்னக் கடைக்கு உண்மையான ஆபத்து இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

அதனால் கடை தொடங்கிய உடனே வெளிநாட்டுக் கார்டு வசதியை வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் உள்நாட்டு ஆர்டர்களில் கை பழகட்டும். பிறகு வாங்கும்போது, வெளிநாட்டுக் கார்டுகளுக்கும் த்ரீ டி செக்யூர் என்ற (ஓ.டி.பி. போன்ற வழியில் கார்டு கொடுத்த வங்கியே ஆளை உறுதி செய்யும்) சரிபார்ப்பைக் கட்டாயமாக்க முடியுமா என்று கேட்வேயிடம் கேளுங்கள். இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. அந்தச் சரிபார்ப்பு முழுதாக நடந்த பேமென்டில் பின்னால் "நான் வாங்கவில்லை" என்று மோசடிப் புகார் வந்தால், பொதுவாக நஷ்டம் கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும், உங்களிடம் வராது. "பொருள் வரவில்லை", "சொன்னபடி இல்லை" என்ற புகார்களுக்கு மட்டும் இந்தக் கவசம் கிடையாது.

புதிய முறையில் இந்தச் சரிபார்ப்பு வாடிக்கையாளருக்கே தெரியாமல் பின்னணியில் நடந்து முடிவதும் உண்டு. ஆகவே "ஓ.டி.பி. வந்ததா?" என்று அவரிடம் கேட்பதைவிட, கேட்வே தரும் உங்கள் டேஷ்போர்டில் (கணக்கு விவரப் பக்கம்) அந்தப் பேமென்டைத் திறந்து பாருங்கள். சரிபார்ப்பு நடந்ததா, கார்டு எந்த நாட்டு வங்கியுடையது என்பதைப் பெரும்பாலான கேட்வேக்கள் காட்டும். விவரம் இல்லையென்றால் சப்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டால் சொல்வார்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கார்டுகளுக்கு பில்லிங் முகவரியை வங்கிப் பதிவோடு ஒப்பிடும் வசதியும் இருக்கிறது. உங்கள் கேட்வே தந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: வெப்சைட்டின் கதவுகள்

இது டெவலப்பர் செய்ய வேண்டிய வேலை. என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

பணம் வந்ததா என்பதை வெப்சைட் நேரடியாகக் கேட்வேயின் சர்வரிடமிருந்து, டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் பிரவுசர் சொல்வதை நம்பி ஆர்டரை உறுதி செய்யும் தளங்களில் ₹4,000 பொருளுக்கு ₹4 கட்டிவிட்டு "சக்ஸஸ்" வாங்கிப் போகிறார்கள். தொகையையும் சேர்த்தே ஒப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்தது கார்டு சோதனை. திருடிய ஆயிரக்கணக்கான எண்களில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க, மோசடிக்காரர்கள் பாதுகாப்பில்லாத சின்னத் தளங்களைத் தேடுவார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், ₹60 மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டுக்கு இரவு முழுக்க நூற்றுக்கணக்கான பேமென்ட் முயற்சிகள் நடந்திருக்கும். அவற்றில் சில வெற்றி பெற்றும் இருக்கும். விற்பனை அமோகம் என்று சந்தோஷப்பட வேண்டாம். வெற்றி பெற்ற எல்லாவற்றையும் அன்றே ரீஃபண்ட் செய்துவிட்டுக் கேட்வேக்குத் தகவல் சொல்லுங்கள். இது வராமல் தடுக்கச் செக்அவுட்டில் கேப்ச்சா (மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) வேண்டும், ஒரே ஐ.பி.யிலிருந்து (இணைய இணைப்பின் முகவரி எண்) சில நிமிடத்தில் இத்தனை முயற்சிதான் என்ற வரம்பு வேண்டும், வெளிநாட்டுக் கார்டுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் தொகை வேண்டும்.

ஓசியில் கிடைக்கும் திருட்டு தீம், பிளக்இன் எதையும் ஏற்றாதீர்கள். கார்டு விவரத்தைத் திருடும் நிரல் அதற்குள்ளேயே ஒளிந்து வரும். கேட்வே டேஷ்போர்டுக்கும் வெப்சைட் அட்மினுக்கும் இரண்டடுக்கு லாகின் போடுங்கள். டெவலப்பர் மாறினால் அன்றைக்கே பாஸ்வேர்டையும் ஏ.பி.ஐ. கீயையும் (வெப்சைட்டைக் கேட்வேயோடு இணைக்கும் ரகசியக் குறியீடு) மாற்றுங்கள். ரீஃபண்ட் கொடுக்கும் அதிகாரம் ஒருவரிடம், அதிகம் போனால் இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

படி 4: ஆர்டரை வாசிக்கப் பழகுங்கள்

மேலே சொன்ன படிகள் எல்லாம் ஒரு தடவை செய்து வைக்கிற வேலைகள். இந்தப் படி தினமும் செய்வது. இதில்தான் மதுரைக் கடைக்காரருக்கு வெளியூர் வழிகாட்டிகள் உதவுவதில்லை.

பில்லிங் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறு வேறாக இருந்தால் சந்தேகப்படு என்று அவற்றில் எழுதியிருக்கும். நம் பிழைப்பே அதில்தானே இருக்கிறது? சிங்கப்பூரில் இருக்கும் மகள் மேலூரில் உள்ள அம்மாவுக்குப் பொங்கலுக்குச் சேலை அனுப்புகிறாள். துபாயில் இருக்கும் தம்பி உசிலம்பட்டி அக்கா வீட்டு விசேஷத்துக்குக் குத்துவிளக்கு அனுப்புகிறான். கார்டு ஒரு நாடு, பார்சல் இன்னொரு நாடு என்பதற்காக அவர்களை விரட்டினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இரவில் வரும் ஆர்டரைச் சந்தேகப்படு என்பார்கள். நமக்கு விடியற்காலை 2:40 என்றால் டொரான்டோவில் மாலை நான்கு, ஐந்து மணி. அவர்களுக்கு வேலை முடிந்து கையில் போன் எடுக்கிற நேரம் அது.

ஆகவே ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல அறிகுறிகள் ஒன்றுசேரும் இடத்தைப் பாருங்கள். மோசடி ஆர்டர் ஒன்று திரையில் எப்படி இருக்கும் என்பதை இங்கே விரித்துக் காட்டுகிறேன்.

வெள்ளிக் கொலுசு, ஆறு ஜோடி. ஆறுமே ஒரே டிசைன், ஒரே 10.5 அங்குலம். கடையில் இருப்பதிலேயே கனமான உருப்படி. கூரியரிலும் ஆக விலை கூடிய எக்ஸ்பிரஸ் தேர்வு. பேமென்ட் பட்டியலைத் திறந்தால், அதே ஆர்டருக்கு முன்னால் மூன்று முயற்சிகள் தோற்றிருக்கின்றன, மூன்றும் மூன்று வெவ்வேறு கார்டு. நான்காவது வென்றிருக்கிறது. கார்டு ஒரு நாட்டு வங்கி, ஆர்டர் போட்ட ஐ.பி. இன்னொரு நாடு, பார்சல் போக வேண்டியது மூன்றாவது நாட்டில் ஒரு கிடங்கு முகவரிக்கு. இமெயிலில் இருக்கும் பெயருக்கும் வாங்குபவர் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. போன் எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது.

இதில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த 10.5 அங்குலம்தான். குடும்பத்துக்கு வாங்குகிறவர் குழந்தைக்கு ஒரு அளவு, மனைவிக்கு ஒரு அளவு, மாமியாருக்கு ஒரு அளவு என்று கலந்துதான் எடுப்பார். மொத்த வியாபாரி என்றால் ஆர்டர் போடும் முன்பே விலை குறைத்துக் கேட்டிருப்பார். வாங்கிய உடனே உருக்கவோ விற்கவோ போகிறவனுக்கு மட்டும்தான் அளவைப் பற்றிக் கவலை கிடையாது. சேலையிலும் இப்படித்தான். உண்மையில் கட்டப்போகிறவர் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார். சுங்குடியா, சாயம் போகுமா, பிளவுஸ் பிட் சேர்ந்து வருமா, படத்தில் இருக்கும் அரக்கு நேரிலும் அதே அரக்குதானா, ரெண்டு எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று விடாமல் கேட்பார். பேரம் பேசுகிற வாடிக்கையாளர் நமக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் திருடியவன் பேரம் பேசுவதில்லை. அது அவன் பணம் இல்லையே.

உங்கள் கடைக்கு வழக்கமான ஆர்டர் எப்படி இருக்கும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். சராசரி ₹2,500 போகும் கடையில் ₹40,000 ஆர்டர் வந்தால் நின்று பார்க்க வேண்டும். ஒரே டெலிவரி முகவரிக்கு நான்கு வெவ்வேறு பெயர், நான்கு கார்டு என்று வந்தால் நின்று பார்க்க வேண்டும். இதற்குச் சாஃப்ட்வேர் தேவைப்படுவதில்லை. தினம் முப்பது ஆர்டர் வரும் கடைக்கு, காலையில் பேக்கிங் தொடங்கும் முன் ஒருவர் உட்கார்ந்து பட்டியலை ஒரு முறை படித்தால் போதும். தீபாவளி, சித்திரைத் திருவிழா நெருக்கடியில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடத் தோன்றும். மோசடிக்காரர்களுக்குப் பிடித்த நேரமும் அந்த நெருக்கடிதான்.

படி 5: ஒரு போன் போடுங்கள்

சந்தேகமான ஆர்டர் என்றால் பேசிப் பாருங்கள். விசாரணை தொனி வேண்டாம், கடைக்காரர் பேச்சாகவே இருக்கட்டும்.

"வணக்கம்ங்க, மதுரை சேலைக் கடையிலருந்து பேசுறேன். நேத்து மேலூர் அட்ரஸுக்கு ரெண்டு சுங்குடி ஆர்டர் போட்டிருந்தீங்க."

"ஆமாண்ணே, நான்தான். சொல்லுங்க."

"வீடு எங்குட்டு இருக்குன்னு சொன்னீங்கன்னா கூரியர்காரருக்குச் சுளுவா இருக்கும்."

"சிவகங்கை ரோட்டுல உள்ள வந்தா ரேஷன் கடை இருக்கும், அதுக்கு எதுத்தாப்புலண்ணே. அம்மா மட்டுந்தான் வீட்ல இருப்பாங்க, காலிங் பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டச் சொல்லுங்க. அந்தப் பச்சைச் சேலை சாயம் போகாதுல்ல?"

பெல் வேலை செய்யாது என்று தெரிந்த மகள் நிஜமான மகள். பார்சலைத் தாராளமாக அனுப்பலாம். பொருளைப் பெறப்போகிற இடத்தைப் பற்றியும் ஆளைப் பற்றியும் இயல்பாக வரும் இந்தப் பேச்சை ஒருவன் பொய்யாகக் கட்டுவது கடினம். போனே எடுக்காமல் "இமெயில் மட்டும்" என்பவர், தான் என்ன ஆர்டர் போட்டோம் என்றே சொல்லத் தெரியாதவர், "எப்ப அனுப்புவீங்க, டிராக்கிங் நம்பர் குடுங்க" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பவர் என்றால் பார்சலை நிறுத்தி வையுங்கள். பேச்சு வழக்கை வைத்து மட்டும் யாரையும் எடை போடாதீர்கள். கனடாவில் இருக்கும் ஈழத்தமிழர் பேச்சும், மலேசியத் தமிழர் பேச்சும் நம் ஊர்ப் பேச்சுப் போல இருக்காது.

கேட்கக் கூடாதவை மூன்று: முழுக் கார்டு எண், சி.வி.வி., ஓ.டி.பி. எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கடையிலிருந்து யாரும் இவற்றைக் கேட்கக் கூடாது என்று ஊழியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

பேசிய பிறகும் மனது ஒப்பவில்லையா? "இந்தப் பேமென்டைத் திருப்பி அனுப்பிடுறோம்ங்க, பேங்க் டிரான்ஸ்ஃபரா அனுப்புறீங்களா, இல்லேன்னா சரிபார்ப்பு உள்ள வேற கார்டுல போடுறீங்களா?" என்று கேளுங்கள். நல்லவர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் செய்துவிடுவார். மற்றவன் அத்தோடு காணாமல் போவான்.

படி 6: நிறுத்தி வைப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

பல கேட்வேக்களில் மேனுவல் கேப்சர் என்று ஒரு வசதி இருக்கிறது. வாடிக்கையாளரின் வங்கி தொகையை ஒதுக்கி வைக்கும், நீங்கள் சரி சொன்ன பிறகே அது வசூலாகும், குறித்த காலத்துக்குள் சொல்லாவிட்டால் தானாகத் திரும்பிவிடும். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு இதை வைத்துக்கொண்டால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

ரீஃபண்டில் ஒரே விதிதான்: பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதே கார்டுக்குத்தான், கேட்வே வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். "கார்டு பிளாக் ஆயிருச்சு, இந்த யு.பி.ஐ.க்கு அனுப்பிருங்க" என்றால் முடியாது என்று சொல்லுங்கள். திருட்டுக் கார்டை ரொக்கமாக மாற்றும் வழி இது. நீங்கள் யு.பி.ஐ.யில் அனுப்பியது போனது போனதுதான், பின்னால் சார்ஜ்பேக்கும் தனியாக வரும்.

இதே தந்திரத்தின் பெரிய வடிவம் ஷிப்பிங் ஏஜென்ட் கதை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெரிய ஆர்டர் தருவார். எங்கள் ஏஜென்ட் வந்து சரக்கை எடுத்துக்கொள்வார், அவருடைய கூலியையும் சேர்த்து என் கார்டில் பிடித்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்பார். ஏஜென்ட் என்பவனும் அவன் ஆள்தான். எந்த நல்ல வியாபாரியும் தன் கூரியர் கூலியை உங்கள் கை வழியாகக் கொடுக்க மாட்டார்.

பணம் கட்டிய பிறகு முகவரியை மாற்றச் சொன்னால் அந்த ஆர்டரை ரத்து செய்து, புது முகவரியோடு புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய முகவரியில் நடந்த சரிபார்ப்பு புதிய முகவரிக்குச் செல்லாது. கூரியர் கம்பெனிக்கே நேராகப் போன் செய்து பாதி வழியில் திருப்பிவிடுபவர்களும் உண்டு. கடையின் அனுமதி இல்லாமல் முகவரி மாற்றக் கூடாது என்று உங்கள் கூரியர் ஆளிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பார்சலோடு ஆதாரத்தையும் கட்டுங்கள்

மதிப்புள்ள பார்சல்களுக்கு ஒரே டேக்கில் வீடியோ எடுங்கள். பொருள், பில், பெட்டிக்குள் வைப்பது, ஒட்டிய லேபிளில் ஆர்டர் எண், தராசில் எடை, எல்லாம் வெட்டாமல் வர வேண்டும். கூரியர் ரசீதில் உள்ள எடை அதோடு பொருந்தட்டும். டெலிவரியின்போது ஓ.டி.பி. அல்லது கையெழுத்து வாங்கும் சேவை இருந்தால் அதையே எடுங்கள், கூடுதலாகக் கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை. டிராக்கிங் பக்கத்தில் "டெலிவர்டு" என்று வந்ததும் படம் எடுத்து ஆர்டரோடு சேர்த்து வையுங்கள். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம்.

கைத்தறி, கைமுடிச்சுச் சுங்குடி விற்பவர்கள், நிறம் திரையில் சற்று மாறித் தெரியும், புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது என்பதைப் பொருள் விவரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். ரிட்டர்ன் விதிகளையும் செக்அவுட்டில் காட்டுங்கள். "சொன்னபடி இல்லை" என்ற புகாருக்கு உங்கள் பதிலே அதுதான்.

படி 8: சார்ஜ்பேக் வந்துவிட்டால்

முதலில் காரணக் குறியீட்டைப் பாருங்கள். விசாவில் 10.4 என்றால் "நான் வாங்கவில்லை". 13.1 என்றால் பொருள் வரவில்லை. 13.3 என்றால் சொன்னபடி இல்லை. மாஸ்டர்கார்டில் 4837 என்பது கார்டுக்காரர் அனுமதிக்கவில்லை என்ற புகார். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு. "பொருள் வரவில்லை" என்பவருக்கு டெலிவரிக் கையெழுத்து போதும். "நான் வாங்கவில்லை" என்பவருக்கு அதே கையெழுத்தை அனுப்பினால் பயனில்லை, த்ரீ டி செக்யூர் நடந்ததற்கான பதிவைக் காட்ட வேண்டும்.

அவர் பழைய வாடிக்கையாளர் என்றால் நம்பிக்கை உண்டு. விசா 2023 ஏப்ரலில் கொண்டுவந்த விதிப்படி, அதே கார்டில் 120 நாளுக்கு முந்தைய, 365 நாளுக்குள்ளான, புகார் வராத இரண்டு பழைய ஆர்டர்களைக் காட்டி, ஐ.பி., சாதனம், லாகின் கணக்கு, டெலிவரி முகவரி போன்றவற்றில் குறைந்தது இரண்டு பொருந்துவதையும், அதில் ஒன்று ஐ.பி. அல்லது சாதனமாக இருப்பதையும் நிரூபித்தால் மோசடிப் புகார் நிற்காது. அதனால்தான் ஒவ்வொரு ஆர்டரோடும் ஐ.பி.யைப் பதிந்து வைக்க டெவலப்பரிடம் சொல்லச் சொல்கிறேன்.

கேட்வே குறிக்கும் கடைசித் தேதிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். தேதி தவறினால் தோல்விதான். பதிலை எளிய ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்குள், தேதி வரிசையில் எழுதுங்கள். வருத்தத்தையும் கோபத்தையும் எழுத வேண்டாம், அங்கே படிப்பவர் ஆதாரத்தை மட்டும்தான் தேடுவார். சரிபார்ப்பு இல்லாத வெளிநாட்டுக் கார்டு, புது வாடிக்கையாளர், கிடங்கு முகவரி என்றால் போராடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கடைப் பெயர் புரியாமல் தெரிந்தவரே புகார் செய்திருந்தால், போன் செய்து விளக்கி, அவருடைய வங்கியில் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நல்லெண்ணத்தில் நீங்களாக ரீஃபண்ட் கொடுத்துவிடாதீர்கள். சார்ஜ்பேக் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீஃபண்டும் கொடுத்தால் இரண்டு தடவை பணம் போகும்.

படி 9: போலீஸும் வங்கியும்

நீங்கள் ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன, கடை இருக்கும் எல்லைக்கு ஏற்பப் போக வேண்டும். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் வரும்.

மறுபக்கமும் உண்டு. எங்கோ ஒருவரிடம் ஓ.டி.பி.யை ஏமாற்றி வாங்கியவன் அந்தப் பணத்தில் உங்களிடம் பொருள் வாங்கியிருந்தால், அவர் கொடுத்த புகாரில் பணம் போன வழியைத் தேடிக்கொண்டு போலீஸ் உங்கள் கணக்கு வரை வரலாம். வேறு மாநிலத்திலிருந்தும் நோட்டீஸ் வரும். வங்கி அந்தத் தொகையையோ சில சமயம் கணக்கையேயோ முடக்கும். பதற வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பில், ஐ.பி. பதிவு, கூரியர் ரசீது, டெலிவரி ஆதாரம், ஆர்டரில் இருந்த போன் எண் எல்லாவற்றையும் அந்த நிலையத்துக்கு அனுப்புங்கள். ஆவணம் கேட்டு வரும் நோட்டீஸ் பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் வரும். அது சாட்சியாகக் கேட்பது, உங்களைக் குற்றவாளி என்று சொல்வதாக ஆகாது. விசாரணை அதிகாரிக்குத் திருடனின் முகவரி உங்கள் ஆர்டரில்தான் கிடைக்கிறது.

இந்த நிலைமையை எண்ணித்தான் கேட்வே வசூலுக்கென்று தனி நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நெசவாளர் கூலியும் வீட்டுச் செலவும் அதே கணக்கில் இருந்தால், ஒரு ஆர்டருக்காக எல்லாம் சேர்ந்து முடங்கும்.

ஆர்டர் விவரங்களையும் பேக்கிங் வீடியோக்களையும் 18 மாதம் வரை அழிக்காமல் வைத்திருங்கள். முன்பணம் வாங்கிப் பின்னால் அனுப்பும் பொருள்களில் விசா புகாரின் கெடு பேமென்ட் நாளிலிருந்து 540 நாள் வரை நீளும். கல்யாணச் சேலைகளுக்கு முன்கூட்டியே ஆர்டர் வாங்குபவர்களுக்கு இது கட்டாயம் பொருந்தும்.